திருகோணமலையில் டிசம்பர் மாதம் எப்படி இருக்கும்? பண்டிகைக் காலத்தில் சுற்றிப் பார்க்க வரலாமா?

கேள்வி கேட்டவர் சென்னைக்காரர். டிசம்பர் கடைசி வாரம் லீவாம். நிலாவெளிக் கடலில் குளிக்க வேண்டும், கோணேசர் கோயிலில் கும்பிட வேண்டும், அப்படியே "உங்கள் ஊரில் டிசம்பருக்கு என்ன விசேஷம்" என்றும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நான் திருமலையில் (திருகோணமலையைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்வோம்) பிறந்து, உப்புவெளிப் பக்கம் வளர்ந்து, இன்னமும் இங்கேயே இருக்கிற ஆள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குளிக்கிற கதையை முடித்துவிடுவோம். முடியாது. படங்களில் நீங்கள் பார்க்கும் நீலக் கடல் மே முதல் செப்டம்பர் வரையிலான கடல். டிசம்பரில் அதே கடல் சாம்பல் நிறத்தில் கரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும். நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாமலைத் தீவுக்குப் போக ஆசைப்பட்டாலும் படகுக்காரர் கடலை ஒருதரம் பார்ப்பார், உங்களை ஒருதரம் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். உல்லாசப் பயணிகள் எல்லோரும் அப்போது தெற்குக் கரையில் இருப்பார்கள்.

எங்களுக்கு வருடம் என்பது இரண்டு காற்று. ஒன்று கச்சான், மற்றது வாடை. கச்சான் மேற்கிலிருந்து நெருப்பாக அடிக்கும், நிலம் வெடிக்கும், ஆனால் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வாடை வடகிழக்கிலிருந்து மாரியைக் கூட்டிக்கொண்டு வரும். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்திலும் தலா 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை சாதாரணம். ஜூனில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பெரும்போக வயல், அதாவது மாரி மழையில் விதைக்கிற நெல், அப்போதுதான் பச்சை கட்டும். கந்தளாய்க் குளம் நிரம்பி வான் கதவு திறப்பார்கள், மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற பக்கம் மூதூர், கிண்ணியா, வெருகல் ஊர்களில் வெள்ளம் வாசலுக்கு வரும். கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் திறப்பதற்கு முன் பாதையில்தான் (நாங்கள் பாதை என்பது ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கிற மிதவையை) போக வேண்டும். மாரியில் அது நின்றுவிட்டால் இந்தக் கரையில் நிற்பவர் இந்தக் கரையிலேயேதான்.

இந்த மழையையும் காற்றையும் குறைசொல்லும்போதெல்லாம் எனக்கு இன்னொன்று நினைவு வரும். இந்த ஊரைப் பிடிக்க வெள்ளைக்காரர்கள் அடித்துக்கொண்டதே இந்த டிசம்பர் கடலுக்காகத்தான். கேள்வி கேட்டவர் சென்னை என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், மசூலாப் படகில்தான் ஆளும் சாமானும் கரை ஏறும். அக்டோபரில் வாடை பிறந்ததும் சோழமண்டலக் கரை முழுவதிலும் பாய்மரக் கப்பல் ஒதுங்க ஒரு இடம் இல்லை. ஒன்று பம்பாய்க்கு ஓட வேண்டும், அல்லது திருகோணமலை உள்துறைமுகத்துக்குள் புகுந்துகொள்ள வேண்டும். வெளியே கடல் தலைகீழாகப் புரண்டாலும் உள்ளே தண்ணீர் அசையாது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் இதை ஒல்லாந்தரிடமிருந்து (டச்சுக்காரர்) பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் வந்து பறித்துக்கொண்டார். செப்டம்பர் 3ஆம் திகதி எங்கள் கடலில் பெரிய சண்டை. தோற்று ஓடியவர் என்று யாரையும் சொல்ல முடியாத சண்டை அது, ஆனால் துறைமுகம் கைவிட்டுப் போனதால் ஆங்கிலக் கப்பற்படை அந்த மாரிக்குப் பம்பாய் வரை சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பிறகு ஊர் ஒல்லாந்தரிடம் திரும்பியது, 1795இல் மறுபடி ஆங்கிலேயரிடம். அவர்களுடைய கடற்படை 1957 வரை எழும்பவில்லை. என் அப்பா அந்தத் துறைமுகத்தில்தான் வேலை பார்த்தார். மாரி நாட்களில் வீட்டுக்கு வந்ததும் "உள்ளுக்கு ஒரு சலனமும் இல்லை" என்பார், ஏதோ தானே கட்டிய துறைமுகம் மாதிரி.

சரி, மாதத்துக்கு வருகிறேன். டிசம்பர் என்ற பெயர் பத்து என்கிற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமர்களின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் இது பத்தாவது மாதமாக இருந்தது. ஜனவரியும் பெப்ரவரியும் சேர்ந்த பிறகு இடம் பன்னிரண்டுக்குப் போனது, பெயர் மட்டும் பழைய நாற்காலியை விடவில்லை. 29 நாள் இருந்த மாதத்துக்கு 31 கொடுத்தது ஜூலியஸ் சீசரின் திருத்தம். எங்கள் கணக்கில் இது ஒரே மாதமும் இல்லை. முதல் பாதி கார்த்திகை, 16ஆம் திகதி அளவில் மார்கழி பிறந்துவிடும். வடக்கு நாடுகளில் டிசம்பர் பண்டிகைகளுக்குப் பின்னால் இருள் இருக்கிறது, 21, 22ஆம் திகதிகளில் பகல் மிகவும் சுருங்கிப்போவதால்தான் அங்கே விளக்கும் நெருப்பும். இங்கே அந்தக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். ஜூன் மாதத்து நீண்ட பகலுக்கும் இதற்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். எங்களுக்கு இருட்டைக் கொண்டுவருவது சூரியன் இல்லை, முகில். அதோடு, மழை பெய்ததும் போய்விடுகிற கரண்டும்.

விளக்கீடு அந்த முகிலுக்குள்தான் வரும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய நாள், சில வருடம் நவம்பரில், சில வருடம் டிசம்பரில். வாசலில் வாழைக்குற்றி நட்டு, அதன் தலையில் விளக்கு வைத்து, சுற்றிவர சிட்டி என்கிற சின்ன மண் விளக்குகள் வைப்போம். மழைக்கும் அதற்கும் ஒரு பந்தயம் நடக்கும். பத்து விளக்கு ஏற்றினால் நாலு அணையும், அணைந்ததை ஏற்றப் போனால் மற்ற நாலு அணையும். கோயிலில் சொக்கப்பனை ஈரத்தில் புகைந்து புகைந்து, ஐயர் கண்ணைக் கசக்கி, கடைசியில் ஒரேயடியாகப் பற்றும்போது சின்னப் பிள்ளைகள் போடும் கூச்சல் இருக்கிறதே, காய்ந்த ஊர்ச் சொக்கப்பனைக்கு அது கிடைக்காது.

மறுநாளிலிருந்து பிள்ளையார் கதை. 21 நாள் விரதம், 21 இழையில் காப்பு, மார்கழி வளர்பிறைச் சஷ்டியில் முடியும். அம்மம்மா ஒருநாளும் தவறவிட்டதில்லை. எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது, மோதகத்துக்குப் போனேன்.

அப்புறம் திருவெம்பாவை. இதைத்தான் டிசம்பரின் நடு என்று சொல்வேன். மார்கழித் திருவாதிரையோடு முடிகிற பத்து நாள். சந்திரக் கணக்கு என்பதால் சில ஆண்டு டிசம்பர் கடைசியில் விழும், சில ஆண்டு ஜனவரிக்குத் தள்ளிப் போகும். விடிய நாலரை மணிக்குச் சங்கும் சேமக்கலமும் (தட்டி ஒலிக்கிற வெண்கலத் தட்டு) தெருவில் கேட்கும். மாணிக்கவாசகர் பாட்டில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்புவார்கள் அல்லவா, இங்கே ஒரு கூட்டம் தெருவையே எழுப்பிக்கொண்டு போகும். படுக்கையில் கிடந்தபடியே சத்தம் எந்த ஒழுங்கையில் வருகிறது என்று கணக்குப் போடுவேன். பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது, இன்னொரு புரளல் புரளலாம். எங்கள் வாசல் வந்துவிட்டால் அம்மா போர்வையை இழுத்துவிடுவார். கிணற்றுத் தண்ணீர் அந்த நேரத்தில் வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும், அதை நம்பாதவர்கள் மார்கழியில் ஒரு வாளி அள்ளி ஊற்றிப் பார்க்கட்டும். கோயிலில் இருபது பாட்டு, பாட்டுக்கு ஒரு தீபம். கோணேசரில் என்றால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கீழே பாறையில் கடல் மோதும் சத்தம்.

சென்னையில் மார்கழி என்றால் தெருக்கோலமும் சபாக் கச்சேரியும் என்று நினைப்பீர்கள். எங்களுக்குச் சங்கும் சேமக்கலமும்தான். கல்யாணம் மட்டும் உங்களைப் போலவே இங்கேயும் கிடையாது, மண்டபக்காரர் ஜனவரி நடுவரை ஈ ஓட்டுவார்.

என் சின்ன வயதில் யுத்தம். இருட்டில் வீதியில் இறங்க முடியாத வருடங்கள் இருந்தன. அப்போது விடியச் சங்கு கேட்காது, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கோயிலுக்குள் மட்டும் பாடுவார்கள். நத்தார் (கிறிஸ்மஸ்) நள்ளிரவுப் பூசையையும் பின்னேரத்துக்கு மாற்றியதாக ஞாபகம். இரவின் இரண்டு முனையும் ஊமையான டிசம்பர்கள் அவை.

ஏனென்றால் மற்ற முனை கரோல்காரருடையது. டிசம்பர் தொடங்கியதுமே பாடசாலைகளில் ஒளிவிழா என்கிற நத்தார் விழா. மூன்றாம் தவணை முடிகிற நேரம், சோதனை முடிந்த சந்தோசத்தில் பிள்ளைகள் இடையர்களாகவும் சம்மனசுகளாகவும் (தேவதூதர்) மேடையில் நிற்பார்கள். நான் சைவப் பிள்ளை, மூன்று வருடம் தொடர்ந்து ஆட்டுக்குட்டி. பிறகு லான்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஜெனரேற்றரும் கீபோர்டும் ஏற்றி, மேலே படங்கு இழுத்துக் கட்டி, பருத்த நத்தார் தாத்தா ஒருவர் நனைந்த பஞ்சுத் தாடியோடு வீடு வீடாக வருவார். எங்கள் வீட்டுக்கும் வருவார்கள், அம்மா குங்குமமும் திருநீறுமாக நின்று கேட்டுவிட்டு உண்டியலில் போடுவார். 2023இல் இரண்டு கோஷ்டியும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தது. இரவு பதினொரு மணிக்கு ஒரு கூட்டம் எழுப்பிவிட்டுப் போய், கண் அயர்வதற்குள் நாலரைக்கு அடுத்த கூட்டம். பக்கத்து வீட்டு அண்ணா, "இனி நடுவில பாங்கு மட்டும்தான் பாக்கி" என்றார். அதுவும் ஐந்து மணி தாண்டியதும் கேட்டது.

நத்தார் என்கிற சொல்லையே கவனியுங்கள். கிறிஸ்மஸுக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது, போர்த்துக்கேய மொழியின் நத்தால் என்பதிலிருந்து வந்தது. 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லால் கோட்டை கட்டியவர்கள் அவர்கள். கோட்டை வாசல் கல்லில் கோயிலின் கயல் சின்னம் இன்னும் தெரியும், உள்ளே போகும்போது வலப்பக்கம் இடப்பக்கம் இரண்டையும் பார்த்துக்கொண்டே போங்கள். சண்டைபிடித்தவர்கள் போய்விட்டார்கள், பண்டிகையின் பெயர் தங்கிவிட்டது. அவர்களுடைய வழிவந்த பறங்கியர் குடும்பங்களும் தங்கிவிட்டன. பாலையூற்றுப் பக்கம் அவர்கள் அதிகம். பெரியவர்கள் சிலர் இன்னும் வீட்டுக்குள் அந்தப் பழைய போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேசுவார்கள், கொண்டாட்டம் என்றால் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் வேண்டும்.

25ஆம் திகதி எப்படி வந்தது என்று கேட்டால், வேதாகமத்தில் பிறந்த திகதி சொல்லப்படவில்லை. உரோமையில் அந்த நாளில் கொண்டாடியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு 336ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சூரியக் கடவுளின் விழா நாளை மாற்றி எடுத்தார்கள் என்பார் ஒரு சாரார், மார்ச் 25 கருவுற்ற நாளிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்பார் மற்றவர். எனக்கு இதில் கட்சி இல்லை. எனக்குக் கட்சி இருப்பது கேக்கில்.

பாலையூற்றில் அம்மாவின் சிநேகிதி ஒரு பறங்கி அன்ரி இருந்தார். அவரிடம்தான் அம்மா லவ் கேக் பழகினார். ரவை, முந்திரிப்பருப்பு, நீற்றுப்பூசணித் தோசி, பன்னீர், தேன், முட்டை மஞ்சட்கரு இத்தனை என்று எண்ணிக் கொட்டுகிற சாமான். முந்திரியைப் பொடியாக வெட்டுவது வீட்டில் இருக்கிற பிள்ளைகளின் வேலை, வெட்டியதில் கால்வாசி வாய்க்குள் போகும் என்று அம்மா முதலே கூட்டி வாங்குவார். வீட்டில் கேக் வேகவைக்கிற அடுப்பு கிடையாது, ஆகையால் தட்டில் ஊற்றிப் பெயர் எழுதிய துண்டு ஒட்டி, ஊர்ப் பேக்கரி ஒன்றில் கொடுத்து, பாண் சுடுகிற போறணையில் வேகவைத்து எடுப்போம். நத்தாருக்கு முதல் வாரம் அங்கே வரிசையாக ஐம்பது தட்டு இருக்கும். ஒரு வருடம் துண்டு எரிந்தோ கழன்றோ, எங்களுக்கு வேறு யாருடையதோ தட்டு வந்துவிட்டது. வெட்டிப் பார்த்தால் எங்களுடையதைவிட இரண்டு மடங்கு முந்திரி. அம்மா ஒரு மணி நேரம் மனச்சாட்சியோடு போராடினார். பேக்கரிக்கு என்னை அனுப்பினார், பூட்டியிருந்தது என்று நான் வந்து சொன்னேன். பூட்டியிருந்ததா என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

முஸ்லிம்களின் பெருநாள் இந்த மாதத்துக்கென்று இல்லை, அது வருடம் முழுவதும் நடந்து வரும். 2000ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் டிசம்பர் கடைசியில் வந்தது, நத்தார் கேக்கும் வட்டலப்பமும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு வந்த வருடம். 2030இல் நோன்பு ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பர் கடைசியில் இன்னொரு முறையும் தொடங்கும். சிங்கள மக்களுக்கு உந்துவப் போயா, அதாவது டிசம்பர்ப் பௌர்ணமி, அசோகரின் மகள் சங்கமித்தை அரசமரக் கிளையோடு இலங்கைக்கு வந்த நாள். போயா என்றால் அரசாங்க விடுமுறை, சாராயக் கடையும் இறைச்சிக் கடையும் பூட்டு. உங்கள் பயணத் திகதியோடு அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, இந்த ஊர் டிசம்பரில் ஏன் ஒரு காதைக் கடலிலேயே வைத்துக்கொண்டு கொண்டாடுகிறது என்பதைச் சொல்லவேண்டும். 1964 டிசம்பர் 22. தனுஷ்கோடியை அழித்த புயல் என்று உங்களுக்குத் தெரியும், பாம்பன் ரயிலோடு போனவர்களையும் தெரியும். அது உங்களிடம் வருமுன் ஏறியது எங்கள் கரையில்தான். அம்மம்மா அதை "அறுபத்துநாலு" என்று மட்டும் சொல்வார், புயல் என்ற சொல்லைச் சேர்க்கமாட்டார். கிடுகுக் கூரை முழுசாக எழும்பிப் பக்கத்து வளவில் போய் இறங்கியதாம், அடியில் இருந்த அரிசிப் பானை மூடியோடு அப்படியே இருந்ததாம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி எங்களுக்கு வடக்கே கரை ஏறியபோது, போனில் செய்மதிப் படம் பார்த்துக்கொண்டு நாங்கள் இருந்தோம். அதிகம் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர் ஒருவர் படத்தைப் பார்க்கவில்லை, முற்றத்தில் நின்று தென்னை எந்தப் பக்கம் சாய்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி, உந்துவப் போயா, திருவெம்பாவை நாட்கள், நத்தாருக்கு மறுநாள் எல்லாம் ஒன்றாக. மாரி கொஞ்சம் விட்டு வெளித்த காலை. சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தது எங்கள் மணிக்கு 6.58. கடல் வந்தது ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து. அந்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் கோயிலால் வந்து, சாப்பிட்டு, முந்தின நாள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தோம். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்ல ஒரு வழியும் அப்போது கிடையாது. உள்துறைமுகப் பக்கம் தப்பியது. நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர்க் கரைகள் தப்பவில்லை. எங்கள் தெருவுக்கு முழங்கால் அளவு தண்ணீர்தான் வந்தது. எனக்கு ஒளிவிழாவில் ஆடு வேடம் கட்டிவிட்ட ரீச்சர் நிலாவெளியில் இருந்தார். இதற்கு மேல் இதைப்பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

19 ஆண்டுக்கு ஒருமுறை பௌர்ணமி அதே திகதிக்குத் திரும்பி வருமாம், பழைய கிரேக்கர்களுக்கே தெரிந்த கணக்கு. 2023 டிசம்பர் 26 மறுபடியும் உந்துவப் போயா, மறுபடியும் திருவெம்பாவை. அன்று விடியச் சங்கு எங்கள் ஒழுங்கைக்கு வரும்போது அம்மா முற்றத்துக்கு வந்து நிலவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. "அண்டைக்கும் இப்பிடித்தான் நிண்டது" என்றார்.

அதனால், வரலாமா என்றால், கடலுக்காக வராதீர்கள், மாதத்துக்காக வாருங்கள். குடை வேண்டாம், காற்று மடக்கிவிடும், மழைக்கோட்டு கொண்டுவாருங்கள். காலையில் கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலும் அள்ளி ஊற்றுங்கள், அதற்கு மழைக்காலம்தான் சரி. கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரியும், மழை கனத்தால் அவை நகரத்துக் கடைத் தாழ்வாரத்தில் வந்து ஒதுங்கி நிற்கும், நீங்களும் பக்கத்தில் ஒதுங்கலாம், விலகாது. நத்தார் இரவுப் பூசைக்குப் போவதென்றால் பெரிய பையைத் தவிர்த்துவிடுங்கள், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வாசலில் சோதனை உண்டு. பயணத்தில் ஒருநாளை மழைக்கென்றே ஒதுக்கிவையுங்கள், வீதி வெள்ளத்தில் மறிபடலாம்.

26ஆம் திகதி இங்கே இருந்தால் ஒன்று. அன்று தேசிய பாதுகாப்பு தினம். காலை 9.25க்கு நீங்கள் தேத்தண்ணிக் கடையில் இருந்தால், கடைக்காரர் ஆத்துவதை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்பார். என்ன என்று கேட்காமல் எழுந்து நில்லுங்கள். கரையில் யாராவது பூப் போட்டுக்கொண்டிருந்தால் கமராவை எடுக்க வேண்டாம். 9.27க்குத் தேத்தண்ணி வந்துவிடும்.